சத்தத்துக்குள் பாடமாக்குவது எப்படி? வன்னி வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

"சத்தத்தில் இருந்து படிக்கப் பழகு, பிறகு சரியாகிவிடும்." வீட்டில் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பிள்ளைகளும் பயிற்சியில்தான் தொடங்குகிறார்கள். எந்தச் சத்தம் எந்தப் பாடத்தைக் கெடுக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மாலை வகுப்புகளில் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்த பிறகு எனக்குப் படிந்த ஒழுங்கு வேறு: முதலில் சத்தங்களைப் பிரிக்க வேண்டும், அடுத்து அளக்க வேண்டும், அடுத்து படிக்கும் வேலையை மாற்ற வேண்டும், அதன் பிறகு சத்தத்தைத் தடுக்க வேண்டும். பயிற்சி கடைசியில் வருவது. அதுவும் சிறிய அளவில்தான் உதவும்.

புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இது பொருந்தும். தகரக் கொட்டகையில் வகுப்பு எடுப்பவர்களுக்கும் சில இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு பழைய கொப்பி, பேனை, செக்கன் முள் உள்ள கடிகாரம், ஒலிப்பதிவு செய்யக்கூடிய ஒரு போன், தடித்த மட்டையில் வெட்டிய ஒன்பது சிறு துண்டுகள். துண்டுகளில் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள்.

உதவிக்கு ஒருவர் வேண்டும். அண்ணாவோ தங்கச்சியோ அம்மம்மாவோ, எண் வாசிக்கத் தெரிந்த எவரும் போதும். தனியாகச் செய்ய முயல்பவர்கள் எண்களைத் தாங்களே எழுதி, எழுதும்போதே பாதியைப் பாடமாக்கிவிடுகிறார்கள். அப்புறம் சோதனையில் அர்த்தம் இல்லை.

2. ஒரு வாரம் சத்தங்களை எழுதி, மூன்றாகப் பிரியுங்கள்

படிக்க உட்காரும் நேரத்தில் கேட்கும் ஒவ்வொரு சத்தத்தையும் நேரத்தோடு எழுதுங்கள். திருத்த வேண்டாம், யோசிக்க வேண்டாம். ஒரு வாரம் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம், கிழமை நாளின் சத்தமும் வெள்ளிக்கிழமைக் கோயில் சத்தமும் ஞாயிற்றுக்கிழமைச் சத்தமும் ஒன்றில்லை.

வாரம் முடிந்ததும் பட்டியலை மூன்று வகையாக்குங்கள்.

முதல் வகை, மாறிக்கொண்டே இருக்கும் சத்தம். பேச்சு, தொலைக்காட்சி, ஒலிபெருக்கிப் பாட்டு, போனில் ஓடும் வீடியோ எல்லாம் இதில் அடங்கும். இரண்டாம் வகை, திடீரென்று வெட்டி வருவது: ஏ9 வீதியில் லொறி அடிக்கும் ஹோர்ன், நாய்க் குரைப்பு, பாண் ஓட்டோவின் மெட்டு, வெடி. மூன்றாம் வகை, ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருப்பது: மின்விசிறி, தூரத்து வயலில் ஓடும் தண்ணீர்ப் பம்பி, நெல் ஆலை இரைச்சல், தகரத்தில் விழும் மழை.

புதிதாகச் செய்பவர்கள் அனைவரும் இந்த இடத்தில் ஒரே பிழையை விடுகிறார்கள். சத்தத்தின் அளவைப் பார்த்துக் குற்றவாளியைத் தேடுகிறார்கள். "பம்பிதான் படிக்க விடுதில்லை" என்பார்கள். விறாந்தையில் அம்மாவும் சித்தியும் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருப்பது பட்டியலிலேயே இருக்காது. பாடமாக்கும் பிள்ளைக்கு அந்தக் கதைதான் பெரிய இடைஞ்சல்.

காரணம் இதுதான். முதல் இருபது மூலகங்களைப் பாடமாக்கும் பிள்ளை அவற்றை மனதுக்குள் ஒரு குரலில் வரிசையாகச் சொல்லிச் சொல்லித்தான் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே மாறி மாறி வரும் ஒலிக்கும் ஒரு வரிசை உண்டு. நாம் கேட்க விரும்பாவிட்டாலும் மூளை அந்த வரிசையையும் தானாகவே தொடர்கிறது. இரண்டும் மோதும்போது மூலகங்களின் ஒழுங்கு குலைகிறது. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் அதில் தொடர்வதற்கு வரிசை இல்லை, அதனால் மோதலும் மிகக் குறைவு. டிலன் ஜோன்ஸ், பில் மெக்கென் என்ற ஆய்வாளர்கள் 1993இல் வெறும் தொனிகளை வைத்தே இதைக் காட்டினார்கள். மாறும் தொனிகள் நினைவைக் கெடுத்தன. ஒரே தொனி திரும்ப வந்தபோது அவ்வளவு கெடுக்கவில்லை.

மொழி விளங்க வேண்டும் என்பதும் இல்லை. 1976இல் கோலே, வெல்ஷ் இருவரும் ஜெர்மன் தெரியாதவர்களுக்குப் பின்னணியில் ஜெர்மன் வாசிப்பை ஒலிக்கவிட்டார்கள். அப்போதும் வரிசை நினைவு, அதாவது ஒழுங்கு மாறாமல் நினைவில் வைப்பது, குறைந்தது. ஆகவே சிங்களம் தெரியாத வீட்டில் சிங்களச் செய்தி ஓடினாலும் சூத்திரம் பாடமாக்குவது கெடும். கதை, வரலாறு போல வாசித்து விளங்கிக்கொள்ளும் வேலையில் மட்டும் நிலைமை வேறு. அங்கே விளங்கும் மொழிதான் கூடுதலாக இழுக்கும்.

3. எண் சோதனை செய்யுங்கள்

வீட்டில் எல்லாரும் நம்புவதற்கு ஒரு அளவு தேவை. "எனக்குச் சத்தம் பிரச்சினை இல்லை" என்று சொல்லும் பிள்ளைக்கும் இது தேவை. ஒருவர் தனக்கு எவ்வளவு பாதிப்பு என்று சொல்வதும் உண்மையில் இருக்கும் பாதிப்பும் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை.

முதலில் உங்கள் வீட்டின் முதல் வகைச் சத்தம் ஒன்றைச் சில நிமிடம் போனில் பதியுங்கள். அப்புறம் இப்படிச் செய்யுங்கள்.

உதவுபவர் ஒன்பது துண்டுகளையும் கலைத்து, எட்டை எடுத்து, செக்கனுக்கு ஒன்றாகக் காட்டட்டும். வாயால் வாசிக்கக் கூடாது, நீங்களும் சத்தமாகச் சொல்லக் கூடாது. எட்டும் முடிந்ததும் 10 செக்கன் சும்மா இருங்கள். பிறகு முதலாவதில் இருந்து ஒழுங்காக எழுதுங்கள். பின்னால் போய் வெட்டித் திருத்தக் கூடாது. உதவுபவர் காட்டிய ஒழுங்கைக் கலைக்காமல் அடுக்கி வைத்திருந்தால் திருத்துவது சுலபம். சரியான இடத்தில் சரியான எண் இருந்தால் மட்டும் ஒரு புள்ளி. ஐந்தாம் தரப் பிள்ளைக்கு எட்டு எண் கூடுதல், ஆறு போதும்.

அந்த 10 செக்கனை விட்டுவிடாதீர்கள். அந்த இடைவெளியிலும் எண்களை மனக்குரலில் தாங்கிப் பிடிக்கிறோம், சத்தம் அங்கேயும் புகும். உடனே எழுதினால் வித்தியாசம் மங்கலாம்.

ஐந்து வரிசை அமைதியில், ஐந்து சத்தத்தில், மறுபடி ஐந்து சத்தத்தில், கடைசி ஐந்து அமைதியில். அமைதி முழுவதையும் முதலில் முடித்துவிட்டுச் சத்தத்துக்குப் போகக் கூடாது. கடைசியில் வரும் களைப்பையும் சத்தத்தின் கணக்கில் போட்டுவிடுவோம். அல்லது செய்யச் செய்யக் கை பழகி, சத்தம் ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றும்.

அமைதிக்கும் சத்தத்துக்கும் தனித்தனியே 80 புள்ளிக்கு (ஆறு எண் என்றால் 60க்கு) கூட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தை நம்ப வேண்டாம், இன்னொரு நாள் திரும்பச் செய்யுங்கள். போனின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தும் ஒரு நாள் செய்யலாம். பேச்சு கேட்கும் அளவில் இருக்கும்வரை, கூட்டுவதால் பாதிப்பு பெரிதாகக் கூடுவதில்லை என்பது அநேகமாக உங்களுக்கே தெரியவரும். "நாங்கள் மெதுவாகத்தானே கதைக்கிறோம்" என்ற வாதம் அதோடு முடியும்.

4. பாடத்தை நேரத்தோடு பொருத்துங்கள்

சத்தத்தை நிறுத்துவதற்கு முன் இதைச் செய்யுங்கள். செலவில்லாதது, யாரோடும் கதைத்துக் கேட்க வேண்டியதும் இல்லை.

ஒழுங்காக நினைவில் வைக்க வேண்டியவை எல்லாம் அமைதி நேரத்துக்குப் போகட்டும்: ஆண்டு வரிசை, சமன்பாடு, செய்யுள், ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டல், செய்முறையின் படிகள். கிராமத்தில் அந்த நேரம் பெரும்பாலும் விடியற்காலை. ஆனால் மார்கழியில் திருவெம்பாவைக்கு விடிய முன்னமே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். அந்த நாட்களில் பாடமாக்குவதைப் பின்னேரம் வைத்துக்கொண்டு காலையில் வேறு வேலை செய்யுங்கள். வயிகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும் வரும் வாகன நெரிசலும் பாட்டும் வீதியோர வீடுகளுக்குத் தெரிந்ததுதான். நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

சத்த நேரத்துக்கு என்ன மிச்சம்? படம் வரைந்து பெயரிடுவது, வரைபடப் பயிற்சி, கொப்பி ஒழுங்கு செய்வது, கடந்தகால வினாத்தாளைத் திருத்துவது. கணக்கும் செய்யலாம். ஆனால் இடைவிடைகளை எழுதிச் செய்ய வேண்டும். மனக்கணக்கும் பேச்சுச் சத்தத்தில் கெடும். கடதாசியில் இருக்கும் எண்ணைச் சத்தம் அழிக்காது.

வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு சொல். தகரக் கூரையில் மழை பிடித்ததும் தொண்டையைக் கிழித்துக்கொண்டு விளக்கம் சொல்லாதீர்கள். மழை ஒரே மாதிரிச் சத்தம், அதனால் பிள்ளை தானாக எழுதும் வேலையை அது அவ்வளவு கெடுக்காது. உங்கள் சொற்களை மூடுவதுதான் சிக்கல். மூடிய சொல்லை ஊகித்துப் பிடிப்பதிலேயே பிள்ளையின் கவனம் செலவாகிவிடும். ஒவ்வொரு சொல்லும் சரியாகக் கேட்டிருந்தால்கூட, அதை நினைவில் வைக்க மிச்சம் இருக்காது. ஆங்கிலப் பாடத்தில் இது இரண்டு மடங்கு தெரியும். மழை நேரத்துக்கென்று எழுத்து வேலை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

இன்னொன்று. ஒரே கொட்டகையை மறைப்புப் போட்டு இரண்டு வகுப்பாக்கும் இடங்களில், ஒரு பக்கம் ஓர் ஆசிரியர் தனியாக விரிவுரை செய்ய மறுபக்கம் பிள்ளைகளைப் பாடமாக்க விடுவதுதான் மிக மோசமான சேர்க்கை. ஒற்றைக் குரல் தெளிவாகக் கேட்கும், அதனால் இழுக்கும். பல குரல்கள் கலந்து சொல் பிரியாத இரைச்சலானால் பாதிப்பு குறையும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விரிவுரை, ஒரே நேரத்தில் எழுத்து வேலை என்று மாற்றிப் பாருங்கள்.

5. சத்தத்தைத் தூரத்தாலும், வீட்டாரோடும் ஊரோடும் கதைத்தும் தடுங்கள்

முதலில் தூரம். திறந்த வெளியில் ஒரே இடத்தில் இருந்து வரும் சத்தம், தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். எங்கள் வளவுகள் பெரியவை. வீதியோர விறாந்தையில் இருக்கும் மேசையைப் பின் வளவு மாமரத்துக்குக் கீழே கொண்டுபோனால், வீடே இடையில் மதிலாக நிற்கும். கதவுக்கு எதிரே மேசை போடுவது பொதுவான பிழை. சத்தம் சுவரால் வருவதைவிடத் திறந்த வாசலாலும் கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியாலும்தான் கூடுதலாக வருகிறது.

அடுத்து வீட்டார். "சத்தம் போடாதீர்கள்" என்று சொன்னால் ஒரு நாள் நடக்கும். "விடிய ஐந்தில் இருந்து ஆறரை வரை விறாந்தையில் கதை வேண்டாம், போனுக்கு ஹெட்செட்" என்று நேரம் சொன்னால் தொடர்ந்து நடக்கும். சோதனையின் புள்ளித்தாளைச் சுவரில் ஒட்டுங்கள். அம்மம்மாகூட மதிப்பார்.

கோயில் ஒலிபெருக்கி கொஞ்சம் நுணுக்கமான விடயம். பொலிசில் இருந்து தொடங்காதீர்கள், ஊர் பகையாகும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கோயில் பரிபாலன சபையிடம் போகும்போது பெற்றோர் சிலராகச் சேர்ந்து, பரீட்சைத் திகதிகளோடு போங்கள். "நிறுத்துங்கள்" என்று கேட்காமல் இரண்டு விடயம் மட்டும் கேளுங்கள்: குடியிருப்புப் பக்கம் பார்க்கும் ஒலிபெருக்கிக் குழாயை வேறு பக்கம் திருப்புவது, பாட்டு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனைக்கு முடியும் என்று முன்கூட்டியே சொல்வது. நேரம் தெரிந்தால் நீங்கள் படி 4ஐ வைத்துச் சமாளிக்கலாம். சபையில் இருப்பவர்களுக்கும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

6. காதில் வைப்பதும் காதுக்கு விடுவதும்

பஞ்சு பெரிதாக உதவாது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் உதவும், ஆனால் போடும் விதத்தில் இருக்கிறது. மெல்லிதாக உருட்டி, மற்றக் கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பலர் வாசலில் செருகிவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள். காதில் சீழ், வலி இருந்தால் போடவே கூடாது.

அடைப்பானோடு மின்விசிறியைச் சேர்த்தால் பலன் கூடும். அடைப்பான் பேச்சைத் தாழ்த்தும், மிச்சத்தை விசிறியின் இரைச்சல் மூடும். அடுத்த அறைப் பேச்சில் சொற்கள் பிரிந்து கேட்காத அளவு போதும். அதற்கு மேல் இரைச்சல் வேண்டாம்.

சத்தத்தை வெட்டும் விலை கூடிய ஹெட்போன் வாங்கலாமா என்று கேட்பார்கள். அவை நன்றாக வெட்டுவது விசிறி, இயந்திரம் போன்ற ஒரே மாதிரியான தாழ்ந்த இரைச்சலை. மனிதக் குரலை அவ்வளவு வெட்டா. பாடமாக்கும் பிள்ளைக்குத் தேவை மற்றப் பக்கம். அந்தக் காசுக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

பாட்டுக் கேட்டுக்கொண்டு படிப்பது? 2011இல் பெர்ஹாம், விசார்ட் செய்த சோதனையில் பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் வரிசை நினைவை ஒரே மாதிரிக் கெடுத்தன. படிக்க உட்கார மனம் வரவில்லை என்றால் முதலில் பாட்டைக் கேட்டுவிட்டு, நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

7. இப்போது பயிற்சி: எது நடக்கும், எது நடக்காது

மாறும் சத்தத்துக்குப் பழகுவது பெரும்பாலும் நடக்காது. திரும்பத் திரும்பச் சோதித்தவர்களில் பாதிப்பு அப்படியே நின்றதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. முன்கூட்டியே கொஞ்ச நேரம் கேட்கவைத்தபோது சற்றுக் குறைந்ததாகச் சிலவற்றில் இருக்கிறது. வருடக்கணக்கில் சத்தத்தில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவு. நியூயோர்க்கில் உயரப் பாதையில் ரயில் ஓடும் பக்கமாக இருந்த வகுப்பறைப் பிள்ளைகள், அதே பாடசாலையின் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள் என்று 1975இல் புரொன்சாவ்ட், மெக்கார்த்தி எழுதினார்கள். ஆறாம் தரத்தில் அந்த இடைவெளி ஒரு வருடத்தை நெருங்கியது. தண்டவாளத்துக்கு ரப்பரும் வகுப்பறைக்குச் சத்தம் உறிஞ்சும் கூரையும் போட்ட பிறகு இடைவெளி இல்லாமல் போனது. மியூனிக்கில் 1992இல் பழைய விமான நிலையத்தை மூடியபோது அருகில் இருந்த பிள்ளைகளின் நினைவும் வாசிப்பும் மேம்பட்டன. புதிய விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பிள்ளைகளில் கெட்டன. பிள்ளைகள் சத்தத்துக்குப் பழகியிருந்தால் இந்த மாற்றங்கள் வந்திரா.

போனில் வரும் நினைவாற்றல் விளையாட்டுகளுக்கும் காசு கட்ட வேண்டாம். விளையாடினால் அந்த விளையாட்டிலும் அதைப் போன்றவற்றிலும் கெட்டிக்காரர் ஆவீர்கள். அது பாடத்துக்குக் கடந்து வருவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2013இல் மெல்பி-லெர்வாக், ஹூல்ம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து முடிவு செய்தார்கள்.

சரி, நடக்கக்கூடியது எது? இரண்டாம் வகைச் சத்தத்தை, அதாவது திடீர் சத்தத்தைத் தாங்குவது. என்ன வரப்போகிறது என்று முன்னரே தெரிந்தால் திடீர் சத்தத்தின் இழுப்பு குறையும்; செய்யும் வேலை கொஞ்சம் கடினமாக இருக்கும்போதும் அது குறையும். மாறும் சத்தத்துக்கு இந்த இரண்டும் உதவவில்லை. இதை 2013இல் ரொபேர்ட் ஹியூஸ் குழு காட்டியது. ஆகவே உட்காரும்போதே "ஆறு மணிக்குப் பாண் ஓட்டோ வரும்" என்று கொப்பி மூலையில் எழுதுங்கள். சும்மா வாசிப்பதை விட்டு, வாசித்ததை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். அது கடினமான வேலை, கவனத்தைப் பிடித்து வைக்கும். நினைவில் இருந்து எடுத்து எழுதுவது ஒரு வாரம் கழித்தும் நிற்கும் என்பது தனியான இலாபம்.

இன்னொரு பழக்கம், திரும்பி வரும் இடத்தைக் குறிப்பது. ஹோர்ன் அடித்ததும் தலை நிமிரட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் பேனை நின்ற இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். திரும்பியதும் அந்தப் புள்ளிக்கு முந்திய வரியில் இருந்து தொடங்குங்கள். பக்கத்தின் தலையில் இருந்து தொடங்குபவர்கள் முதல் பந்தியை மட்டும் பத்துத் தடவை பாடமாக்கி முடிக்கிறார்கள்.

8. பரீட்சைக்கு முந்திய வாரங்கள்

படித்த சூழலும் பரீட்சை எழுதும் சூழலும் ஒத்திருந்தால் நினைவுக்கு எடுப்பது சற்றுச் சுலபம். 1998இல் கிராண்ட் குழு செய்த சோதனையில், அமைதியில் படித்தவர்கள் அமைதியில் கூடுதலாக விடை எழுதினார்கள், சத்தத்தில் படித்தவர்கள் சத்தத்தில். பரீட்சை மண்டபம் அமைதியானது. எனவே கடைசி வாரங்களில் முழு வினாத்தாளை அமைதியில், அடைப்பான் இல்லாமல், விசிறி இல்லாமலும் சில தடவை எழுதுங்கள். எப்போதும் விசிறி இரைச்சலில் படித்த பிள்ளைக்கு அமைதியே விசித்திரமாக இருக்கும்.

மண்டபத்திலும் மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம், இருமல், கதவு இருக்கும். எல்லாம் இரண்டாம் வகை. புள்ளி வைக்கும் பழக்கம் அங்கே உதவும்.

9. இவற்றைச் செய்தும் மாற்றம் இல்லை என்றால்

ஒரு மாதம் கழித்து எண் சோதனையைத் திரும்பச் செய்யாதீர்கள். அது மாறாது, பிள்ளை மனம் நொந்துபோகும். பாட வினாக்களில் வரும் புள்ளியைப் பாருங்கள்.

அமைதியிலும் பிள்ளை "என்ன? என்ன?" என்று கேட்கிறதா, தொலைக்காட்சியைக் கூட்டுகிறதா, அடிக்கடி காதில் சீழ் வருகிறதா? அப்படியென்றால் முதலில் வைத்தியசாலையில் காதைக் காட்டுங்கள். கேட்டல் குறைந்த பிள்ளைக்குச் சத்தத்துக்குள் பேச்சைப் பிரிப்பது மற்றவர்களைவிடக் கடினம். கவனம் இல்லை என்று அடி வாங்கும் பிள்ளைகளில் சிலருக்குக் காதில்தான் குறை.

திடீர் சத்தத்தில் பதறி, நெஞ்சு அடித்து, நெடுநேரம் அடங்காத பெரியவர்களும் எங்கள் இடங்களில் இருக்கிறார்கள். 2009 போரைக் கண்டவர்களுக்கு வெடியும் ஹெலியும் வேறு விடயம். படி 7இல் சொன்ன எதையும் அவர்களிடம் முயலாதீர்கள், "பழக்குகிறேன்" என்று வெடி கொளுத்தவும் வேண்டாம். மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் இதற்கு உதவி கிடைக்கும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், திருவிழா வெடி எத்தனை மணிக்கு என்பதைச் சபையிடம் கேட்டு அவருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.